அஞ்சலி உரைநாள்

பீடோங்,
புதன்கிழமை இரவு

அன்புள்ள மணியம்,

இங்கே எல்லாரும் நலம். பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்த படம் வந்தது. அப்படியே உன் ஜாடை, பாவம். தங்கச்சியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எட்டு மாதமாக உன் காலை வணக்கப் பூக்களுக்கு ஒரு பதிலும் போடவில்லை. அதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை, நீ பூ அனுப்புவதை நிறுத்தினால் நானே பேசுவேன். ஆனால் இன்றைக்கு உட்கார்ந்து கையால் எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. அதற்கு வருமுன் நம் அஞ்சல்தலைச் சங்கத்து உரைநாள் கதையைக் கேட்டுவிடு. கேட்டாக வேண்டும், ஏனென்றால் தலைவலியே உன்னால் வந்ததுதான்.

செயலாளர் பொறுப்பின் கோப்புகளை என் மேசையில் போட்டுவிட்டு ஜொகூருக்குக் கிளம்பும்போது என்ன சொன்னாய்? "வருஷத்துக்கு ஒரு நாள் வேலைதான்டா." அந்த ஒரு நாளுக்கு நான் மூன்று மாதம் அலைந்தேன். செயலவைக் கூட்டம் ஐந்து. ஐந்திலும் ஒரே பொருள்: சாப்பாடு. போன வருஷம் சைவம் போட்டதால்தான் பதினேழே பேர் வந்தார்கள், இந்த முறை கோழி போட்டால் கூட்டம் அள்ளும் என்று பொருளாளர் கணக்குப் போட்டார். கோவில் மண்டபத்தில் கோழியை எங்கே வைத்துப் பரிமாறுவது என்று கேட்டதற்கு, "வெளியே கூடாரம்" என்றார். கூடார வாடகை யார் கொடுப்பது என்றதும் மூக்கு சிவந்து எழுந்து போனவர், அடுத்த கூட்டத்துக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி கறிபாப் பலகாரத்தோடு வந்தார். உனக்குத் தெரியாத ஆளா?

அப்புறம் சுவரொட்டி. 'அஞ்சல்தலை உரைநாள்' என்று எழுதிக் கொடுத்தேன். கடைப் பையனுக்குத் தமிழ் சுமார். கணினி ஏதோ திருத்தியது என்கிறான். 'அஞ்சலி உரைநாள்' என்று அடித்து வந்துவிட்டது. கீழே நம் தலைவர் படம், நடுவில், பெரிதாக, கோட்டும் டையும் போட்டு. நான் மூக்குக் கண்ணாடி இல்லாமல் பார்த்து "சரி" என்று சொல்லிக் குழுவிலும் போட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் போன் மேல் போன். லூனாசிலிருந்து தலைவருடைய மைத்துனி அழுதுகொண்டே கார் எடுத்துக் கிளம்பிவிட்டார். தலைவர் வாசலில் நின்று பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாராம். மனுஷனுக்குக் கோபமே வரவில்லை. "மிச்சத்தைப் பத்திரமா வை தனபாலா, பின்னாடி செலவு மிச்சம்" என்றார். அவரை இவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

சரி, போன ஞாயிறு நாள் வந்தது. அறுபது பேருக்குச் சமைத்தோம். வந்தவர்கள் முப்பத்தெட்டு. அதிலும் ஐந்து பேர் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் நடந்த காதுகுத்துக்கு வந்து, கூடாரம் மாறி உட்கார்ந்தவர்கள். பாயசம் வரை இருந்துவிட்டுத்தான் போனார்கள். அந்தக் காதுகுத்தின் ஒலிபெருக்கி எங்கள் முதல் உரையை முழுசாக விழுங்கிவிட்டது. அதில் பெரிய நட்டம் இல்லை. பொருளாளர் ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டைப் பற்றிப் பேசினார், வருஷா வருஷம் பேசுவதுதான். பத்து டாலர் நோட்டில் வாழைமரம், பெரும்பாலானதில் வரிசை எண் கிடையாது, மலாயாவுக்கு 'எம்' எழுத்து, சண்டை முடிந்ததும் வெறும் காகிதம். கையில் பார்க்கட்டும் என்று ஆறு நோட்டைச் சுற்றுக்கு விட்டார். ஐந்துதான் திரும்பி வந்தது. கூட்டமே நின்றுவிட்டது. மனிதர் வேர்த்து விறுவிறுத்து நாற்காலிக்கு அடியிலெல்லாம் தவழ்ந்தார். கடைசியில் மத்தியானம் வாழையிலையை மடித்து எடுக்கும்போது இலைக்கு அடியில் கிடந்தது, ரசம் பட்டு.

ஆனால் பினாங்கு மாஸ்டர் பேசினார் பார், அதற்காக மூன்று மாதம் என்ன, ஆறு மாதம் அலையலாம். எண்பத்தொரு வயது. பஸ் ஏறித் தனியாக வந்தார். அட்டைப்பெட்டியில் பழைய கடித உறைகள், கையில் வெள்ளைத் துணிக் கையுறை. மலாயில்தான் பேசினார், நடுநடுவே 'அப்புறம்' என்று நம் பாஷையில் ஒரு போடு. நம்ம கெடா மாநிலத்துக்கு இரண்டு முறை சயாம் (தாய்லாந்து) ஸ்டெம்பு ஒட்டும் யோகம் வாய்த்ததாம். 1909-ல் பாங்காக் ஒப்பந்தத்தில் சயாம்காரன் வெள்ளைக்காரனுக்குக் கைமாற்றி விடும்வரை ஒரு முறை. பிறகு 1912-ல் நமக்கே சொந்த அஞ்சல்தலை வந்தது: நெற்கதிர்க் கட்டு, உழுகிறவர், அலோர் ஸ்டார் சபை மண்டபம். (நெற்கதிர் என்றதும் உனக்கு நெஞ்சு குத்தியிருக்க வேண்டும். வருகிறேன் அதற்கு.) ஜப்பான்காரன் வந்ததும் அதே தலைகள் மேல் 'டாய் நிப்பான் 2602' என்று அடித்தான். 2602 அவர்கள் கணக்குக்கு 1942. 1943 அக்டோபரில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு நாலையும் தாய்லாந்திடம் கொடுத்துவிட்டான். கெடாவுக்குப் பெயர்கூட 'சைபுரி' என்று மாறிவிட்டது. 1945 வரை மறுபடி சயாம் தலை.

"இந்தத் தலையைத் தனியா பிய்ச்சு எடுத்தா பாங்காக்கில் ஒட்டினதா, பட்டாணி ஊரில் ஒட்டினதா, யாருக்குத் தெரியும்?" என்றார். கெடா ஊர் முத்திரையும் தேதியும் உறையில் சேர்ந்து கிடந்தால்தான் அது கெடாவின் சாமான். தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் சில்லறை. நான் அவரிடம் ஒன்று கேட்டேன். ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா ரயிலுக்குத் தோட்டத்து லயங்களிலிருந்து நம் ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்களே, 415 கிலோமீட்டர் பாதைக்கு, அந்த ஆட்கள் வீட்டுக்கு எழுதிய கடிதம் ஏதாவது உங்கள் பெட்டியில் இருக்கிறதா என்று. வெள்ளைக்காரக் கைதிகளின் அட்டைகள் இருக்கின்றன என்றார். நம் ஆட்களுடையது ஒன்றுகூட இல்லை. மண்டபத்தில் கொஞ்ச நேரம் காதுகுத்துப் பாட்டு மட்டும்தான் கேட்டது.

அப்போதுதான் பின் வரிசையிலிருந்து பச்சையக்கா எழுந்து வந்தார்.

நம் ஆயாக்கொட்டாய் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) பச்சையக்காதான். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும், முதுகு வளைந்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே. சுவரொட்டியைப் பார்த்துத் துக்கம் விசாரிக்க வந்தாராம், தலைவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருக்கிறார். மாஸ்டர் உறையைப் பற்றிப் பேசியதைக் கேட்டதும் பேத்தியை வீட்டுக்கு விரட்டி ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவரச் செய்துவிட்டார். உள்ளே அவருடைய அப்பா எழுதிய ஆகாயக் கடிதங்கள். 1969-க்கு அப்புறம் குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்ததே, அப்போது பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினம் போனவர். நம் லயத்திலேயே எத்தனை வீடு காலியானது, நினைவிருக்கிறதா? துறையூர்ப் பக்கம் ஏதோ கிராமம். ஆள் விட்டு எழுதச் சொல்லி அனுப்பிய கடிதங்கள்.

மணியம், ஒன்றில்கூட ஸ்டெம்பு இல்லை. ஒவ்வொன்றிலும் ஸ்டெம்பு அளவுக்கு ஒரு சன்னல்.

மாஸ்டர் ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். "இனி புக்கான் திக்குஸ்" என்றார். "இனி கெர்ஜா புடாக்." எலி வேலை இல்லை, பொடியன்கள் வேலை. மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கையில் தண்ணீர்ப் போத்தல் நடுங்கிற்று.

நாம் பொடியன்களாக இருந்தபோது பாதி பிளேடு உன் டப்பாவில் இருக்கும். நான் வாசிப்பேன், நீ அறுப்பாய். கடிதம் படித்துக் காட்டினால் ஸ்டெம்பு நமக்கு, அதுதானே ஒப்பந்தம்? பச்சையக்கா, கறுப்பண்ணன் வீடு, தண்டல் வீட்டுப் பாட்டி, எல்லாருக்கும் நாம்தான் கண். சீக்கிரம் ஸ்டெம்பு கைக்கு வர வேண்டுமே என்று நான் வரி தாண்டிப் படிப்பேன். 'மாடு கன்று போட்டது', 'மழை இல்லை' என்பதையெல்லாம் விட்டுவிட்டு நேரே 'இப்படிக்கு' என்று போய்விடுவேன். அவர்களுக்கு என்ன தெரியும், தலையாட்டிக் கேட்பார்கள். ஆகாயக் கடிதத்தில் ஸ்டெம்பு தாளிலேயே அச்சாகி இருக்கும், அதற்கு நேர் பின்னால்தான் எழுத்து ஓடும் என்பது நமக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். எழுத்துப் பக்கத்தைத்தான் கீழே வைத்து அறுத்தோம்.

பச்சையக்கா முதியோர் வகுப்பில் சேர்ந்து அறுபது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றுக்கொண்டார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முதலில் படித்தது அந்த டின்னைத்தானாம். கடைசிக் கடிதத்தை என்னிடம் காட்டினார். எல்லாரும் தட்டு கழுவிக்கொண்டிருந்த நேரம். அதில் இப்படி இருக்கிறது: "இந்த வருஷம் நீ", அப்புறம் ஓட்டை, அந்தப் பக்கம் "எனக்கு மனவருத்தம் ஒன்றும் இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்." அதற்கு இரண்டு மாதத்தில் தந்தி வந்துவிட்டது.

"அந்த வருஷம் நான் பணமும் அனுப்பல, போயும் பாக்கல தம்பி" என்றார். "எதுக்கு வருத்தம் இல்லைன்னு சொன்னாரு? நீயும் மணியமும்தானே வாசிச்சுக் காட்டுனீங்க. ஞாபகம் இருக்கா?"

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. சந்தையில் விலை கேட்கிற மாதிரி கேட்டார். நான் "இல்லக்கா" என்றேன். அந்த வரியை நான் வாசித்தேனா, தாண்டினேனா என்பதே எனக்குத் தெரியவில்லை. மூன்று இரவாக யோசித்துப் பார்க்கிறேன். அவர் வீட்டுத் திண்ணை நினைவிருக்கிறது, ஒட்டுப்பால் நாற்றம் நினைவிருக்கிறது, நீ பிளேடைக் காற்சட்டையில் துடைத்தது நினைவிருக்கிறது. எழுத்து மட்டும் வரமாட்டேன் என்கிறது.

"பணமாத்தான் இருக்கும், நான் வரலன்னா அப்பா வருத்தப்பட்டிருப்பாரு" என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார். மீந்த பாயசத்தைப் பிளாஸ்டிக்கில் கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு பேத்தியின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். 1971-ல் அந்த நெற்கதிர் ஸ்டெம்பை என்னிடம் தள்ளிவிட்டு, என் இந்தியா ஸ்டெம்பு நோட்டு முழுவதையும் நீ வாங்கிக்கொண்டாய். ஸ்டெம்பின் பின்னால் காகிதம் தேய்ந்து கிழிந்திருந்ததை மறைத்துத்தான் கொடுத்தாய் என்பதை ஐம்பது வருஷமாகச் சொல்லிவருகிறேன், இன்றைக்கு விட்டுவிடுகிறேன். அந்த நோட்டு எங்கே? பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சடித்த பள்ளிக்கூட நோட்டு, முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் 'தொடாதே' என்று இருக்கும். அறுத்த துண்டுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினோம். விலை என்று பார்த்தால் பத்துக் காசு பெறாது, அறுத்த துண்டை எவனும் வாங்கமாட்டான். ஆனால் ஒவ்வொன்றின் முதுகிலும் யாரோ சொன்னது இருக்கிறது.

தயவுசெய்து நீ பிரிக்க முயலாதே. உன் அவசரம் எனக்குத் தெரியும். தண்ணீரில் போட்டால் பேனா மை கரைந்து ஓடிவிடும், கெட்டில் ஆவியில் காட்டினாலும் அதே கதி. மூடிய பெட்டிக்குள் ஈரத்துணி வைத்து, அதற்கு மேலே தட்டில் பக்கத்தை வைத்து, தண்ணீர் படாமல் ஈரக்காற்றில் மட்டும் மெதுவாக இளக விடவேண்டுமாம். மாஸ்டர் தானே செய்து தருகிறேன் என்கிறார். அப்போதும் வரும் என்று நிச்சயமில்லை, வந்தவரை பார்ப்போம் என்றார். பச்சையக்காவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கிடைத்த பிறகு சொல்லலாம் என்றிருக்கிறேன். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

வீடு மாறும்போது போட்டுவிட்டாய் என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடு, பூப்படம் அனுப்பி மழுப்பாதே. இருந்தால் நோட்டை அப்படியே இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, பதிவுத் தபாலில் அனுப்பு. வெளியே நல்ல ஸ்டெம்பாகப் பார்த்து ஒட்டு.

அன்புடன்,
தனபாலன்

பி.கு.: உன் சந்தா இரண்டு வருஷம் பாக்கி. பொருளாளர் கேட்கச் சொன்னார். ரசம் பட்ட நோட்டின் கோபம் இன்னும் அவருக்குத் தீரவில்லை, சீக்கிரம் கட்டிவிடு.