செலியா குரூஸ் பாடட்டும்: கியூப வானொலி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கியூப வானொலியை நடத்தும் பெரியவர்களுக்கு,

வணக்கம். எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. உங்கள் ஊர்ப் பாடகி செலியா குரூஸ் பாட ஆரம்பித்தால் அது ஒரு குறையாகவே தோன்றாது. அப்படிப்பட்ட குரலைப் பிறந்த மண்ணின் வானொலியே பல பத்தாண்டுகள் ஒதுக்கி வைத்ததுதான் எனக்கு ஆறவில்லை.

அவரை ஆளாக்கியதே வானொலிதானே! ஹவானாவின் சாந்தோஸ் சுவாரெஸ் பகுதியில் வளர்ந்தவர். அப்பா ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவர். மகள் டீச்சராக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஆசிரியப் பயிற்சிக்கும் போனார். அதற்குள் ஒரு வானொலிப் போட்டியில், கையில் கிளாவே கட்டைகளைத் தட்டியபடி ஒரு டாங்கோ பாடி ஜெயித்துவிட்டார். பரிசு ஒரு கேக்! 1950-இல் சொனோரா மத்தான்செரா இசைக் குழுவில் சேர்ந்தபோது, பழைய பாடகி மிர்த்தா சில்வாதான் வேண்டும் என்று நேயர்கள் முகம் சுளித்தார்கள். குழுத் தலைவர் ரொகெலியோ மார்த்தினெஸ் அசைந்து கொடுக்கவில்லை. நல்லவேளை.

1960 ஜூலையில் குழுவோடு மெக்சிகோ போனவர் திரும்பவில்லை. 1962-இல் அம்மா இறந்தார். அடக்கத்துக்கு வர மகளுக்கு காஸ்ட்ரோ அரசின் அனுமதி கிடைக்கவில்லை. அரசியலில் ஆயிரம் இருக்கட்டும், பெற்றவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடாத கோபம் என்ன கோபம் ஐயா?

அப்புறம் இசைக்கலைஞர் டிட்டோ புவென்டேவுடன் பாடியது, 1974-இல் இன்னொரு இசைக்கலைஞர் ஜானி பச்சேகோவுடன் ‘கிம்பாரா’ பாடிக் கலக்கியது, அதே ஆண்டு ஆப்பிரிக்காவின் கின்ஷாசா மேடையில் ஏறியது, சல்சா என்ற லத்தீன் நடன இசைக்கு ‘சல்சா ராணி’ பட்டம் எல்லாம் ஊரறிந்த கதை. பளபள உடையும் கலர் கலர் விக்கும் அந்தக் காலத்தவை. என் காதுக்கு அதற்கு முந்தைய 50-களின் பாட்டுகளே ஒரு படி மேல். அவை உங்கள் ஹவானாவில் பதிவானவை. அவற்றையுமா அந்நியமாக்க வேண்டும்?

அவர் உங்கள் அரசைக் கடுமையாகத் திட்டினார், உண்மை. காஸ்ட்ரோ இருக்கும்வரை திரும்ப மாட்டேன் என்றும் இருந்தார். ஆனால் 1990-இல் கியூப மண்ணிலேயே இருக்கும் குவாண்டனாமோ அமெரிக்கத் தளத்துக்குப் பாட வந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டார். அந்த மண்ணோடுதான் நியூயார்க்கில் அடக்கம் செய்யப்பட்டார். நாட்டை வெறுத்தவர் செய்யும் காரியமா அது?

2003 ஜூலை 16 அன்று அவர் மறைந்தபோது மயாமியில் பல்லாயிரம் பேர் வரிசையில் நின்றார்கள். உங்கள் கட்சி நாளிதழ் ‘கிரான்மா’ சில வரிகளில் முடித்துக்கொண்டது, அதிலும் அரசியலை விடவில்லை. 2012 வாக்கில் அவர் பாட்டுகளுக்கு வானொலியில் இருந்த தடை தளர்ந்ததாகச் செய்தி வந்தது, பகிரங்கமாகச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. 2025 அக்டோபரில், அவருடைய நூற்றாண்டுக்காக ஹவானாவின் ஃபாப்ரிகா தெ ஆர்தே அரங்கில் நடக்கவிருந்த நிகழ்ச்சியும் ரத்தானது. இதற்குப் பெயர் தளர்வா?

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அக்டோபர் 21 அவர் பிறந்தநாள். அன்று ரேடியோ ப்ரோக்ரெசோவில் ஒரு மணி நேரம் கொடுங்கள். சொனோரா மத்தான்செரா வாசித்த நிலையம்தானே அது. அவருடைய ‘புருண்டங்கா’ பாட்டில் தொடங்கலாம். அறிவிப்பாளர் அவர் பெயரை முழுசாகச் சொல்லட்டும். நடுவில் அரசியல் விளக்கம் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
தமிழ் நேயர் ஒருவர்