எந்த அகரவரிசை?

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு,

அணைவுச் சேர்மங்களுக்குப் பெயரிடும் பாடத்தை அடுத்த வாரம் தமிழ்வழி வகுப்பில் தொடங்கப் போவதாகத் தொலைபேசியில் சொன்னாய். அந்தப் பாடத்தில் நான் செய்த ஒரு தவற்றை நீயும் செய்துவிடக் கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

கோபால்ட்டைச் சுற்றி நான்கு அம்மோனியா, ஒரு நீர், ஒரு குளோரைடு ஆகியவை ஈனிகளாக, அதாவது உலோகத்தோடு நேரடியாக இணைந்தவையாக, அமைய, அணைவுக் கோளத்துக்கு வெளியே இரண்டு குளோரைடு அயனிகள் நிற்கும் சேர்மத்தைக் கரும்பலகையில் எழுதி, ஈனிகளை அகரவரிசையில் அடுக்கச் சொன்னேன். ஒரு பையன் நீரைக் குறிக்கும் அக்வாவை முதலிலும் அம்மோனியாவைக் குறிக்கும் அம்மீனை அடுத்தும் எழுதியிருந்தான், மதிப்பெண்ணைக் குறைத்தேன். "க-வுக்குப் பிறகுதானே சார் ம வரும்?" என்று கேட்டான். தமிழ் அகராதிப்படி அவன் சொன்னதே சரி. ஆனால் பெயரிடும் விதி பார்ப்பது ஆங்கில எழுத்து வரிசையை. அதில் அம்மீனின் 'எம்', அக்வாவின் 'கியூ'வுக்கு முந்தியது. இதை நான் வாய்திறந்து சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குறைத்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன்.

புரோமைடு ஈனியின் பெயரான புரோமிடோவும் குளோரைடு ஈனியின் பெயரான குளோரிடோவும் சேர்ந்து வந்தாலும் இதே சிக்கல்தான்: தமிழில் குளோரிடோ முந்தும், விதிப்படி புரோமிடோ முந்த வேண்டும். ஆகவே ஈனிகளின் ஆங்கில எழுத்துக்கூட்டலை முதல் நாளே எழுத வை. அம்மீனுக்கு இரண்டு 'எம்'. ஒன்றை விட்டால் அது கரிம வேதியியலின் அமீன் ஆகிவிடும். எண்ணிக்கையைக் காட்டும் டை, டெட்ரா போன்ற முன்னொட்டுகள் வரிசையில் கணக்கில்லை.

ஆக, அந்தச் சேர்மத்தின் பெயர் டெட்ராஅம்மீன்அக்வாகுளோரிடோகோபால்ட் குளோரைடு; கோபால்ட்டை ஒட்டி அடைப்புக்குறிக்குள் ரோமன் எண்ணில் மூன்று. வெளியே உள்ள இரண்டு குளோரைடுகளால் அணைவு அயனியின் மின்சுமை கூட்டல் 2. அம்மோனியாவுக்கும் நீருக்கும் மின்சுமை இல்லை. உள்ளே இருக்கும் குளோரைடு கழித்தல் 1. எனவே கோபால்ட் கூட்டல் 3. இந்த எண்ணிலிருந்தே வெளியே இரண்டு குளோரைடு என்பது கிடைத்துவிடுவதால், 'டைகுளோரைடு' என்று எழுத வேண்டியதில்லை. என் பழைய குறிப்பேட்டில் 'குளோரோ' என்றே இருக்கும். வேதியியல் பெயர்களை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐயுபிஏசியின் 2005 பரிந்துரைக்குப் பிறகு அது குளோரிடோ.

அணைவு அயனி எதிர்மின் சுமை கொண்டிருந்தால் உலோகப் பெயர் 'ஏட்' என முடியும். இரும்பு ஃபெர்ரேட் ஆகும், தாமிரம் கியூப்ரேட் ஆகும். தாமிரத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஆற்றங்கரையில் இருந்துகொண்டு என் மாணவர்கள் ஆண்டுதோறும் 'காப்பரேட்' என்றுதான் எழுதினார்கள். லத்தீன் பெயர் எல்லாவற்றுக்கும் வந்துவிடாது, பாதரசம் மெர்குரேட்தான்.

முதல் தேர்வுத்தாளைத் திருத்தியதும், எத்தனை பேர் அக்வாவை முன்னால் வைத்தார்கள் என்று எழுது.

அன்புடன்,
அப்பா