செல்விக்கு, வாட்டர்லாண்டிலிருந்து

புர்மரெண்ட், நெதர்லாந்து
ஜூன் 9

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இடது கண்ணுக்கும் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மனசு அடங்கியது. டாக்டர் சொன்ன நாள்வரை குனியாதே, அடுப்படிப் பக்கம் போகாதே, சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு. இந்தக் கடிதத்தையும் நீயே படிக்க வேண்டாம். பேத்தியைப் படித்துக் காட்டச் சொல். அதற்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு கேள்.

'அங்கே நாள் முழுக்க என்னடி செய்கிறாய்?' என்று கேட்டிருந்தாய். பகலில் பேரனைப் பள்ளிக்கு அனுப்புகிறேன், சமைக்கிறேன், நடக்கிறேன். மருமகள் காய்கறித் தோட்டத்துக்கு ஒரு துண்டு நிலம் எடுத்திருக்கிறாள், அங்கே போய் களை பிடுங்குகிறேன். இதெல்லாம் பெரிய சேதியில்லை. ஆனால் போன வெள்ளிக்கிழமை மாலை ஒன்று நடந்தது. அன்றிரவே உனக்கு எழுத உட்கார்ந்தேன், கை வலியில் பேனா பிடிக்க முடியவில்லை. துடுப்பு போட்ட வலி.

மகன் வற்புறுத்தித்தான் போனேன். இங்கே வாட்டர்லாண்ட் வட்டாரத்தில் வாட்டர்காங் என்று ஒரு சின்ன ஊர், ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே. அங்கிருந்து மாலை நேரத்தில் ஒரு வழிகாட்டியோடு கேனோவில் வயல்வெளி வாய்க்கால்களைச் சுற்றி வரலாம். ஒரு படகில் இரண்டு பேர். ஐந்து படகுகள். நான் முன்னால், மகன் பின்னால். ஏழரை மணிக்குக் கிளம்பினோம், வெயில் நம்மூர் நாலரை மணி வெயில் போல இருந்தது. இந்த மாதத்தில் இங்கே இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் இறங்குகிறது.

படகில் ஏறுவதற்கு முன்பே ஒன்று கண்ணில் பட்டது. ஊரை ஒட்டிப் பெரிய கால்வாய் ஓடுகிறது, ஆம்ஸ்டர்டாமிலிருந்து டென் ஹெல்டர்வரை போவது, 1824-இல் வெட்டி முடித்தது. அந்தக் கால்வாய்த் தண்ணீர் மேலே இருக்கிறது, வயல் அதற்குக் கீழே இருக்கிறது. கரைமேல் நின்றால் இடது பக்கம் தண்ணீர், வலது பக்கம் அதைவிடத் தாழ்வில் மாடு மேய்கிறது. ஒரு கரை மட்டும் நடுவில். நான் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். மகன் குடியிருக்கும் பகுதிகூட 1622 வரை ஏரியாம். காற்றாலைகளை வைத்து இறைத்து வற்றடித்த நிலம். ஏரியின் அடித்தரையில்தான் நான் தினமும் காபி போடுகிறேன், செல்வி. மூன்று மாதமாக இது எனக்குத் தெரியவே தெரியாது.

வழிகாட்டி ஐம்பது வயதுக்காரி. அந்தப் பக்கத்துப் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவள். இங்கே பல வயல்களுக்குப் பாதையே கிடையாது, படகில்தான் போக முடியும். அவளுடைய தாத்தா மாடுகளைத் தட்டைப் படகில் ஏற்றி அக்கரை வயலுக்குக் கொண்டுபோய் விடுவாராம், பால் கறக்கவும் படகிலேயே போவாராம். 'மாடு படகில் பயப்படாதா?' என்று கேட்டேன். முதல் வருஷம் பயப்படும், அடுத்த வருஷம் வசந்தத்தில் படகைக் கண்டதும் தானாக வந்து நிற்கும், அக்கரையில் புது புல் இருக்கிறதென்று அதற்குத் தெரியும் என்றாள்.

பெரிய வாய்க்காலை விட்டுச் சின்ன வாய்க்காலுக்குள் திரும்பியதும் உலகமே வேறாகிவிட்டது. படகில் உட்கார்ந்தால் நம் இடுப்பு தண்ணீர் மட்டத்தில் இருக்கிறது. வாய்க்கால் விளிம்புவரை தளும்புகிறது. அதனால் கண்ணும் புல்லின் நுனியும் ஒரே மட்டம். பசுக்கள் தலைக்கு மேலே நின்று எட்டிப் பார்க்கின்றன. அவற்றின் மூச்சுச் சத்தம் கேட்கிறது. மஞ்சள் அல்லி மொட்டும் பூவுமாகக் கிடக்கிறது, துடுப்பு இலையில் பட்டால் ஈரத் தோலைத் தட்டுவது போல ஒரு சத்தம். நாமக்கோழி தன் செந்தலைக் குஞ்சுகளை நாணலுக்குள் தள்ளிக்கொண்டு போனது. கொண்டை முக்குளிப்பான் ஒன்று குஞ்சைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நீந்தியது. இறகுக்கு நடுவிலிருந்து வரிவரியாக ஒரு சின்னத் தலை மட்டும் தெரிந்தது. நாம் முதலாமாண்டு லேப் ரெகார்டில் வரைந்த படத்தை நினைத்துக்கொண்டேன். நீ வரைந்தது பறவையாக இருந்தது, என்னுடையதை நீதான் திருத்திக் கொடுத்தாய்.

சில பாலங்கள் அவ்வளவு தாழ்வு. படகுக்குள்ளேயே மல்லாந்து படுத்து, பலகையைக் கையால் பிடித்துத் தள்ளித்தான் கடக்க வேண்டும். முகத்துக்கு ஒரு சாண் மேலே பாசி பிடித்த மரம், அதில் தண்ணீரின் வெளிச்சம் ஆடுகிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

வார்கன்ஸ்லாண்ட் என்ற பகுதிக்குள் நுழைந்ததும் வழிகாட்டி துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் கையை உயர்த்தினாள். எல்லாரும் நிறுத்தினோம். தலைக்கு மேலே ஒரு பறவை கத்திக்கொண்டே சுற்றியது. நீண்ட கால் பின்னால் நீட்டியபடி, நீண்ட நேரான அலகு, சிறகில் வெள்ளைப் பட்டை, வெள்ளை வாலின் முனையில் கறுப்பு. செல்வி, கருவால் மூக்கன்! நீ கோடியக்கரையிலும் பள்ளிக்கரணையிலும் எனக்குக் காட்டிய அதே இனம். ஆனால் நீ காட்டியதெல்லாம் குளிர்காலத்துச் சாம்பல் உடுப்பில். இங்கே கழுத்தும் மார்பும் செங்கல் நிறம். சாயங்கால வெயில் பட்டதும் சுட்ட ஓடு போல ஜொலித்தது. நாற்பது வருஷமாக நீ ஜனவரியில் பார்த்துவரும் பறவையை நான் அதன் கல்யாண உடுப்பில் பார்த்துவிட்டேன். உன்னை விட்டுவிட்டுப் பார்த்தோமே என்று அந்த நிமிஷமே தோன்றியது.

இங்கே பிறப்பவை நம்மூருக்கு வருவதில்லை என்று நீ திருத்துவாய். தெரியும். நம்மிடம் வருபவை ஆசியாவிலேயே கூடு கட்டுபவை. இங்குள்ளவை ஸ்பெயின், போர்ச்சுகல் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன, செனகல், கினி-பிசாவு நெல்வயல்கள்வரை. ஆக, எங்கே போனாலும் நெல்வயல்தான் அதற்குப் புகலிடம்.

டச்சுக்காரர்கள் இதை க்ருட்டோ என்கிறார்கள். அதன் குரலே அதுதான், க்ருட்டோ-க்ருட்டோ என்று. 2015-இல் நாட்டின் பறவையாக இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அன்று அது கத்திய தொனி வேறு, கூர்மையாக, விடாமல். வழிகாட்டி மெதுவாகச் சொன்னாள்: 'திட்டுகிறது. திட்டினால் நல்லது. புல்லுக்குள் குஞ்சு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.' இங்கே தன்னார்வலர்கள் கணக்கெடுப்பதும் அப்படித்தானாம், எந்த வயலில் எத்தனை பெற்றோர் கத்துகின்றன என்று எண்ணி. அமைதியாக இருக்கும் வயல்தான் கெட்ட சேதி.

குஞ்சு பொரித்த ஒரே நாளில் கூட்டை விட்டு இறங்கி, தானே பூச்சி பிடித்துத் தின்ன வேண்டும். பூவும் பலவகைச் செடியும் கலந்து உயரமாக வளர்ந்த புல்லில்தான் அதற்குப் பூச்சி கிடைக்கும். இப்போதைய பண்ணைகளில் ஒரே ஜாதிப் புல், அதுவும் மே மாதமே இயந்திரத்தால் வெட்டிவிடுகிறார்கள். பறக்கத் தெரியாத குஞ்சு என்ன செய்யும்? 1960-களில் இந்த நாட்டில் லட்சம் ஜோடிக்கு மேல் இருந்த பறவை, இப்போது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஜூன் பாதிவரை புல் வெட்டாமல் விட்டால் விவசாயிக்குப் பணம் தரும் ஏற்பாடு உண்டு. நாங்கள் நின்ற இடம் அப்படி ஒரு வயல்.

ஆனால் புல் மட்டுமல்ல காரணம். அது மண்ணுக்குள் அலகைச் செருகிப் புழு எடுக்கும் பறவை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மண் ஈரமாக, பஞ்சு போல இருந்தால்தான் அலகு இறங்கும். அங்கேதான் முழுக் கதையும் இருக்கிறது. நாணல் மண்டிய ஒரு திட்டில் படகை ஒதுக்கி எங்களை இறக்கினாள். ஒரு நீளக் கழியைத் தரையில் ஊன்றி அழுத்தினாள். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கிக்கொண்டே போனது, அவள் உயரத்துக்கும் மேலே. பிறகு எல்லாரையும் சேர்ந்து குதிக்கச் சொன்னாள். குதித்தோம். தரை அலை போல ஆடியது, பத்தடி தள்ளி நின்ற நாணலும் ஆடியது.

அது மண்ணே இல்லையாம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நாணலும் பாசியும் செத்துச் செத்துத் தண்ணீருக்குள் மக்காமல் சேர்ந்தது. பீட் என்கிறார்கள். காய வைத்தால் விறகு போல எரியும். ஆயிரம் வருஷத்துக்கு முன் இந்த நிலம் கடல் மட்டத்துக்கு மேலே மேடாக இருந்தது. மக்கள் வந்து, பயிர் செய்ய வாய்க்கால் வெட்டி, தண்ணீரை வடித்தார்கள். தண்ணீர் வடிந்த இடத்தில் காற்று புகுந்தது. காற்று பட்டதும் பீட் மக்க ஆரம்பித்தது. மக்கி மக்கிக் காற்றோடே கரியமில வாயுவாகப் போய்விட்டது, நிலம் தாழ்ந்தது. தாழ்ந்ததால் மறுபடி ஈரம். மறுபடி வடித்தார்கள். மறுபடி தாழ்ந்தது. கடைசியில் கடலைவிடக் கீழே வந்து, கரை கட்டி, இரவும் பகலும் இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போதும் சில இடங்களில் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர்வரை தாழ்கிறதாம்.

இதைக் கேட்டபோது என் வயிற்றில் என்னவோ செய்தது. யாரும் தப்பு செய்யவில்லை, பார். ஒவ்வொரு தலைமுறையும் தன் மாடு சேற்றில் மாட்டாமல் இருக்கத்தான் ஒரு விரற்கடை தண்ணீரை இறக்கியது. அவளுடைய தம்பி இன்னும் பண்ணை வைத்திருக்கிறார். தண்ணீரை உயர்த்தினால் டிராக்டர் புதையும், பால் குறையும், வங்கிக் கடன் அடையாமல் நிற்கும். உயர்த்தாவிட்டால் பறவையும் போகும், நிலமும் போகும். 'வீட்டில் சாப்பாட்டு மேஜையில் இதைப் பேசுவதில்லை என்று வைத்திருக்கிறோம்' என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐப்பசியில் உன் வயலில் தண்ணீர் வடியாமல், வடிகாலுக்காகப் பக்கத்து வயல்காரரோடு நீ மல்லுக்கு நின்றது எனக்கு ஞாபகம் வந்தது.

ஆனால் இவர்கள் இதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள், அதை உனக்குச் சொல்ல வேண்டும். தண்ணீருக்கென்றே தனி ஆட்சிமன்றம், வாட்டர்ஸ்ஹாப் என்று பெயர். 13ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. தனி வரி, தனித் தேர்தல். கடைசித் தேர்தல் 2023 மார்ச்சில் நடந்தது. குடியுரிமை இல்லாவிட்டாலும் முறையாக வசிப்பவருக்கு அதில் ஓட்டு உண்டு, என் மகனும் போட்டான். இந்த வாய்க்காலில் தண்ணீர் எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதை சென்டிமீட்டர் கணக்கில் அங்கேதான் முடிவு செய்கிறார்கள். நம் ஊர் வாய்க்காலுக்கு இப்படி ஓட்டுப் போட்டு ஓர் ஆளைக் கேள்வி கேட்க முடிந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே துடுப்பு போட்டேன்.

ப்ரூக் என்ற ஊருக்கு வந்தபோது ஒன்பதரை இருக்கும். பேருக்கே சதுப்பு என்றுதான் அர்த்தமாம். வீடுகளெல்லாம் மரம், வெளிர் சாம்பல் வண்ணம். செங்கல் வீட்டின் பாரத்தை இந்த மண் தாங்காது என்பதால் மரத்தில் கட்டினார்கள். ஊர் நடுவே ஒரு சின்ன ஏரி, அதில் தேர் போல வெள்ளையாக ஒரு சிறு மண்டபம். 1811-இல் நெப்போலியன் வந்தபோது அதில்தான் வரவேற்றார்களாம். நாங்கள் அங்கே படகுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பிளாஸ்கில் கொண்டுவந்த டீ குடித்தோம். ஒரு ஜன்னலில் விளக்கு எரிந்தது, ஒரு கிழவர் கை அசைத்தார்.

அங்கேதான் வழிகாட்டி 1916 வெள்ளம் பற்றிச் சொன்னாள். ஜனவரி 13 இரவு. அப்போது கிழக்கே இருந்தது ஏரியில்லை, கடல், ஸவுடர்ஸே. புயலில் கரை உடைந்து இந்த வட்டாரம் முழுக்க உப்புத் தண்ணீர். மார்கன் தீவில் மட்டும் 16 பேர் செத்தார்கள். அடுத்து 1918-இல் சட்டம், 1932-இல் கடலுக்குக் குறுக்கே 32 கிலோமீட்டர் அணை. அதோடு அந்தக் கடலே ஏரியாகிவிட்டது. அவளுடைய கொள்ளுப்பாட்டி வைக்கோல் பரணில் இரண்டு நாள் இருந்தாராம், கீழே மாடுகள் கத்துவதைக் கேட்டுக்கொண்டு. சாகும்வரை மாடு கத்தினால் எழுந்து உட்கார்ந்துவிடுவாராம். வேதாரண்யத்துப் புயல்களைப் பார்த்த உனக்கு அந்தக் கொள்ளுப்பாட்டியைத் தெரியும், செல்வி.

திரும்பும்போது யாரும் பேசவில்லை. சூரியன் இறங்கியும் வானம் இருட்டவில்லை, மேற்கே ஒரு பச்சை வெளிச்சம் நின்றது. தண்ணீரிலிருந்து பனி எழும்பி வயல்மேல் இடுப்பளவு பரவியது. பசுக்களின் முதுகு மட்டும் மிதந்தது. தூரத்தில் இன்னும் ஒரு மூக்கன் கத்திக்கொண்டிருந்தது. துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர் சத்தத்துக்கு இடையில் அதை எண்ணிக்கொண்டே வந்தேன். ஒன்று, அப்புறம் இன்னொன்று, வேறு வயலிலிருந்து. இரண்டு வயலில் குஞ்சு இருக்கிறது.

மகன் பின்னாலிருந்து, 'அம்மா, கை வலிக்கிறதா, நீங்கள் துடுப்பை எடுத்துவிடுங்கள்' என்றான். வலித்தது. எடுக்கவில்லை.

நான் நவம்பர் கடைசியில் ஊர் வருகிறேன். டிக்கெட் போட்டாகிவிட்டது. பொங்கல் கழிந்ததும் உன் வீட்டில் ஒரு வாரம் தங்குவேன், கோடியக்கரைக்கு விடியற்காலைப் பஸ்ஸில் போவோம். பழைய பைனாகுலரின் லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறதென்று எழுதியிருந்தாயே, அதைத் தூக்கிப் போட்டுவிடு. இங்கே ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், எடை குறைவு, புதுக் கண்ணுக்கு நன்றாக இருக்கும். சாம்பல் உடுப்புக்காரர்களை நீ முதலில் பார், பிறகு எனக்குக் கொடு.

உன் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி. இதைப் படித்துக் காட்டிய குட்டிக்கு ஒரு முத்தம்.

என்றும் உன்,
வசந்தா