6,800 மணி ஓடிய டிராக்டர்: வைக்கோல் கட்ட வாங்கலாமா?

கொழிஞ்சாம்பாறை,
தை மாதம்.

அன்பு மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைச்சது. இங்கே எல்லாரும் நலம். ரெண்டாம் போகம் நெல்லுக்கு அறுப்பு மிஷின் இறங்கிடுச்சு, பாலக்காடு பக்கத்துச் சித்தூர் ரோட்டில் எந்நேரமும் வைக்கோல் லோடுதான். உதிரி வைக்கோலை அள்ளி ஏற்ற ஆள் இல்லாததால் மாட்டுக்காரங்க எல்லாருமே கட்டு வைக்கோலாகத்தான் கேட்கிறாங்க. ஆனைமலைப் பக்கம் பேலர் (வைக்கோலை அள்ளிக் கட்டுற மிஷின்) இறக்கணும்னு நீ எழுதினது நல்ல யோசனை. நெல் முடிஞ்சதும் சோளத்தட்டு, கொழுக்கட்டைப் புல்லுன்னு வேலை தொடரும்.

பேலர் இழுக்க நீ பார்த்து வெச்சிருக்கிற அந்தத் திருச்சூர் வண்டிக்கு வருவோம். 2012 மாடல் மாஸே ஃபெர்குசன் 241 டிராக்டர், மீட்டரில் 6,800 மணி, விலை 2,90,000. "இவ்வளவு ஓடின வண்டியை வாங்கலாமா?"ன்னு கேட்டிருக்கே. மணி எவ்வளவுங்கிறதை விட அந்த மணியெல்லாம் எங்கே ஓடினதுங்கிறதுதான் முக்கியம்.

முதலில் மீட்டரை அப்படியே நம்பாதே. கேபிளில் ஓடுற மீட்டர், எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுத்தினால்தான் ஒரு மணிக்கு ஒரு மணி காட்டும். ஐடிலில் நின்ற நேரம் குறைவாகத்தான் ஏறும். கேபிள் அறுந்து மாசக்கணக்கில் ஓடியிருந்தால் அந்தக் கணக்கே அதில் இருக்காது. வாடகைக்கு ஓடின வண்டிக்கு வருஷத்துக்கு 500 மணி ஒண்ணும் அதிகமில்லை. அதனால் 6,800-ங்கிறது உண்மையாக இருக்கலாம், இல்லேன்னா அதுக்கும் மேலேன்னு வெச்சுக்கோ. கிளட்ச் பெடல் ரப்பர் தேய்ஞ்சு இரும்பு பளபளக்குதா, பின்னால் டிரெய்லர் மாட்டுற ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்துடுச்சா, ஸ்டீயரிங்கில் எவ்வளவு ஆட்டம்னு பார். இந்த மூணும் மீட்டரை விட உண்மை பேசும்.

நீ வருஷத்துக்கு 250 மணிதான் ஓட்டுவேன்னு எழுதியிருக்கே. அந்த அளவுக்குப் பழைய வண்டிதான் பொருத்தம். புது வண்டி எடுத்தால் வருஷத்தில் முக்கால்வாசி நாள் கொட்டகையில் நிற்கிறதுக்கு வட்டி கட்டிட்டிருப்பே. பழைய எஞ்சினுக்கு ஒரு தடவை முழு வேலை பார்த்தால் உன் ஓட்டத்துக்குப் பத்து வருஷம் தாராளமாக வரும். 241-ல் இருக்கிறது மூணு சிலிண்டர் சிம்ப்சன் எஞ்சின். சாமான் பொள்ளாச்சியிலேயே கிடைக்கும், பிரிச்சுப் பழகின கைகளும் உண்டு.

எனக்குப் பயம் எஞ்சின் இல்லை, அந்தத் திருச்சூர் கோள் நிலம்தான். கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிற வயல் அது. அங்கே கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) மாட்டிச் சேற்றுழவு ஓட்டினால் பின் ஆக்சில் பாதி நாள் சேற்றுத் தண்ணியிலேயே கிடக்கும். ஆயில் சீல் தேய்ஞ்ச இடத்தில் தண்ணி உள்ளே புகுந்து கியர் ஆயில் பால் டீ நிறத்துக்கு வந்துடும், அப்புறம் பேரிங்கும் பல்லும் துருப்பிடிச்சுப் புள்ளி விழும். இதை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், யாரும் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, கியர்பாக்ஸ் அடியில் இருக்கிற டிரெயின் பிளக்கை ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, கீழே ஒரு வெள்ளைக் கிண்ணத்தைப் பிடி. தண்ணி ஆயிலை விடக் கனம், அதனால் உள்ளே தண்ணி இருந்தால் முதலில் அதுதான் சொட்டும். கூடவே ஆயிலை ரெண்டு விரலில் தேய்ச்சுப் பார். மாவு மாதிரி நைசான துகள் இருந்தால் அது இயல்பான தேய்மானம். நகத்தில் தட்டுப்படுற சில்லு வந்தால் விலை பேசாமல் கிளம்பிடு.

அடுத்தது, பேலர் ஓட்டுறவனுக்கு உயிர்நாடியான டபுள் கிளட்ச். உருளைக் கட்டுப் பேலரில் அறை நிறைஞ்சதும் வண்டியை நிறுத்தி, கயிறு சுற்றி முடியுற வரை பி.டி.ஓ.வை (பேலரைச் சுத்த வைக்கிற, டிராக்டர் பின்னால் இருக்கிற தண்டு) மட்டும் ஓட விடணும். சிங்கிள் கிளட்ச் வண்டியில் பெடலை மிதிச்சால் பேலரும் சேர்ந்து நின்னுடும். ஒவ்வொரு கட்டுக்கும் நியூட்ரல் போட்டுத் திரும்ப எடுக்கிறதுக்குள் பொழுது போயிடும். இது வண்டிக்கு வண்டி மாறும், அதனால் நேரில் சோதிச்சுத்தான் தெரிஞ்சுக்கணும். கியரில் மெதுவாகப் போகும்போது பெடலைப் பாதி மிதி. சக்கரம் நிற்கணும், பி.டி.ஓ. சுத்திட்டே இருக்கணும். முழுசா மிதிச்சால் பி.டி.ஓ.வும் நிற்கணும். இது வெறும் ஓட்டத்தில் பார்க்கிற சோதனை. முடிஞ்சால் யாருடைய பேலரையாவது மாட்டி, அடர்த்தியான வரிசையில் ஒரு ரவுண்டு விடு. எஞ்சின் சத்தம் இறங்காமல் பேலர் மட்டும் திணறினால் பி.டி.ஓ. கிளட்ச் தட்டு வழுக்குது. எஞ்சின் சத்தமே அமுங்கினால் கிளட்ச் சரி, சக்திதான் போதலை.

கிளட்ச் மாற்றணும்னா வண்டியை நடுவில் ரெண்டாகப் பிரிக்கணும். பிரிக்கிற கூலி ஒண்ணுதான். அதனால் தட்டோடு ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் எல்லாத்தையும் அப்பவே மாற்றிடு. அதில் மிச்சம் பிடிச்சால் அடுத்த தையில், கட்டு கட்ட ஆள் காத்திருக்கிற நேரத்தில், திரும்பப் பிரிக்க வேண்டி வரும்.

பி.டி.ஓ. ஷாஃப்டில் ஆறு பல் இருக்கும். மூடியைக் கழட்டி கிரீஸைத் துடைச்சுட்டு, ஒவ்வொரு பல் ஓரத்திலும் நகத்தை ஓட்டு. நேராகப் போகணும். நடுவில் படி மாதிரி இறங்கினால், இல்லை ஓரம் கத்தி மாதிரி கூர்மையாக இருந்தால், தேய்மானம் முத்திப் போச்சு. பேலர் ஜாயின்ட் அதில் ஆடி ஆடி மீதியையும் தின்னுடும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் பார்க்கணும்னு உனக்குத் தெரியும். விற்கிறவர் முன்னாடியே சூடு பண்ணி வெச்சிருந்தால் பிளாக்கைத் தொட்டாலே தெரிஞ்சுடும். நல்லாச் சூடேறினதும் ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றுற மூடியைக் கழட்டித் தலைகீழாக அந்த வாயிலேயே வை. லேசா நடுங்கினால் பரவாயில்லை. குதிச்சு விழுந்து, புகை குபுகுபுன்னு வந்தால் ரிங்கும் லைனரும் போச்சு. இது ஒண்ணும் வாங்கக் கூடாத குறை இல்லை, விலையில் கழிக்க வேண்டிய குறை. ஆனால் ஏற்கெனவே கிராங்கை (எஞ்சினுக்குள் சுத்துற முக்கியத் தண்டு) எத்தனை தடவை அரைச்சிருக்குன்னு மட்டும் கேட்டுடு. எஞ்சினைப் பிரிச்சால் கிராங்க் பேரிங் ஓட்டின் முதுகில் 10, 20, 30-ன்னு அரைச்ச சைஸ் போட்டிருக்கும். 30 வரைக்கும் போயிருந்தால் இனி அரைக்க இடமில்லை, புதுக் கிராங்க்தான்.

நீ சதுரக் கட்டுப் பேலர் பற்றியும் கேட்டிருக்கே. இந்த வண்டிக்கு அது வேண்டாம். பிளஞ்சர் (வைக்கோலை இடிச்சு அமுக்குற பாகம்) ஒவ்வொரு தடவை அடிக்கிறப்பவும் ஷாஃப்டுக்கும் கிளட்சுக்கும் அதிர்ச்சி வரும். 50 குதிரைத்திறனாவது இருந்தால்தான் நிம்மதி. இந்த வண்டியின் 42 குதிரைத்திறனுக்குச் சின்ன உருளைப் பேலர் போதும்.

வாங்கினதும் ரேடியேட்டருக்கு முன்னாடி மெல்லிய வலை ஒண்ணு கட்டிடு. வைக்கோல் தூசி அடைச்சுத்தான் மாசி வெயிலில் வண்டி கொதிக்கும். சுத்தம் பண்ணும்போது காற்றை ஃபேன் பக்கத்தில் இருந்து முன்னாடி நோக்கி அடி. முன்னாடியிருந்து அடிச்சால் தூசி இன்னும் உள்ளே போய் இறுகிடும். ஏர் கிளீனர் ஆயிலைத் தினமும் பார். சைலன்சர் மேல் ஒட்டுற தூளை ஒவ்வொரு கட்டு முடிஞ்சதும் தட்டி விட்டுட்டு, ரெண்டு குடம் தண்ணி வண்டியிலேயே வெச்சுக்கோ. காய்ஞ்ச வைக்கோலில் தீ பிடிச்சால் ஓடிப் போய்த் தண்ணி எடுக்க நேரம் இருக்காது.

டயர், ஹைட்ராலிக், முன் ஆக்சில் புஷ் எல்லாம் நீயே பார்த்துக்குவே.

பேப்பரில் அசட்டையா இருக்காதே. கேரள நம்பர் வண்டி உன் ஊருக்கு வரணும்னா அந்த ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் தடையின்மைச் சான்று, 29, 30-ல் பெயர் மாற்றம், லோன் இருந்திருந்தால் வங்கி கையெழுத்தோடு படிவம் 35. ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே வெச்சிருந்தால் தமிழ்நாட்டு நம்பர் வாங்கியே ஆகணும். 2012 பதிவுன்னா 2027-ல் 15 வருஷம் முடியுது, புதுப்பிக்கிற செலவையும் இப்பவே கணக்கில் சேர். டிரெய்லர் சேர்த்துத் தர்றாங்கன்னா அதுக்குத் தனி ஆர்.சி. இருக்கான்னு கேள்.

விலைக்கு என் கணக்கு இது. பொள்ளாச்சியில் எஞ்சின் வேலை, கிளட்ச், பின் டயர் ஜோடி மூணுக்கும் விலை எழுதி வாங்கு. சோதனையில் எது எது தோற்குதோ அதை 2,90,000-ல் கழிச்சுக் கேள். கியர் ஆயிலில் தண்ணி இருந்தால் மட்டும் எவ்வளவு குறைச்சாலும் வேண்டாம். அது எவ்வளவு தின்னும்னு பிரிக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது.

போகிற அன்னைக்கு விடியக்காலையிலேயே அங்கே இருக்கிற மாதிரி கிளம்பு. கிண்ணம், ஸ்பேனர், பழைய துணி, டார்ச் எடுத்துக்கோ. கிண்ணத்தில் என்ன சொட்டினதுன்னு அன்னைக்கே எனக்கு ஃபோனில் சொல்லு. தங்கச்சியையும் பசங்களையும் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்