ஒரே மாடல், இரண்டு வேறு பேலன்ஸ்: டென்னிஸ் ராக்கெட் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஒரே மாடலில் வாங்கிய இரண்டு ராக்கெட்டுகளின் எடைப் பகிர்வு வேறுபடுவது; மாற்றித் தரக் கோருதல்.

பார்வை: "அளவுகள் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளன" என்ற தங்கள் பதில் மின்னஞ்சல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் ராக்கெட்டில், 300 கிராம், 320 மி.மீ. பேலன்ஸ் (கைப்பிடியின் அடிமுனையிலிருந்து ராக்கெட் சமன்பட்டு நிற்கும் புள்ளி வரை உள்ள தூரம்) என்று அச்சிட்ட மாடலில், ஒரே கிரிப் அளவில் இரண்டு வாங்கினேன். ஆட்டத்தின் நடுவே ஸ்ட்ரிங் அறுந்தால் அடுத்ததை எடுத்து அதே ஆட்டத்தைத் தொடரத்தான் ஒருவர் இரண்டாவது ராக்கெட் வாங்குகிறார். வந்த இரண்டும் பெயின்ட்டில் மட்டுமே ஒன்று. வீசிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு.

ஸ்ட்ரிங் போடுவதற்கு முன், கிரிப்பைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு, ஓவர்கிரிப் (கிரிப்பின் மேல் சுற்றும் மெல்லிய நாடா) இல்லாமல் அளந்தேன். எடை டிஜிட்டல் தராசில். பேலன்ஸ், ராக்கெட்டை மெல்லிய விளிம்பில் கிடையாக நிறுத்தி, கைப்பிடியின் அடிமுனையிலிருந்து அந்த விளிம்பு வரை. முதல் ராக்கெட் 299 கிராம், 317 மி.மீ. இரண்டாவது 305 கிராம், 326 மி.மீ. படங்களை இணைத்துள்ளேன்.

எடையில் 7 கிராம், பேலன்ஸில் 7 மி.மீ. வரை கூடலாம் குறையலாம் என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே அந்த வரம்புக்குள்தான் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஒன்று ஒரு பக்கமும் மற்றது எதிர்ப்பக்கமும் விலகியிருப்பதால், இரண்டுக்கும் இடையே 9 மி.மீ. இடைவெளி விழுந்துவிட்டது. பேலன்ஸ் வித்தியாசத்தை 3.2 மி.மீ.க்கு ஒரு பாயின்ட் என்று எண்ணும் வழக்கமான கணக்கில் இது ஏறக்குறைய 3 பாயின்ட்.

"6 கிராம்தானே வித்தியாசம்" என்றும் அந்த மின்னஞ்சலில் ஒரு வரி இருந்தது. தயவுசெய்து கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ராக்கெட்டின் தலை உச்சியில், அதாவது அடியிலிருந்து 685 மி.மீ. தூரத்தில், 6 கிராமையும் மொத்தமாக வைத்தாலும் பேலன்ஸ் 317-லிருந்து 324-க்குத்தான் போகும். 326-க்கு வராது. அப்படியானால் இரண்டாவதில் தலைப்பகுதி கனத்தது மட்டும் இல்லை, கைப்பிடிப் பக்கம் குறைந்தும் இருக்கிறது. உத்தேசமாக, தலையில் 9 கிராம் அதிகம், கைப்பிடியில் 3 கிராம் குறைவு. கார்பன் இழையோடு சேரும் பிசின், பெயின்ட், கைப்பிடி ஃபோம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மாறும் என்பது தெரிந்ததே. அதைக் கண்டுபிடித்துக் கைப்பிடிக்குள் எடை சேர்த்துச் சரிசெய்யத்தான் தொழிற்சாலையில் கடைசிச் சோதனை இருக்கிறது. இங்கே மொத்த எடையை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது.

இரண்டுக்கும் ஒரே ஸ்ட்ரிங்கை ஒரே இழுவிசையில் போட்டு, ஸ்விங்வெயிட் (வீசும்போது ராக்கெட் எவ்வளவு கனக்கும் என்ற அளவு) காட்டும் மெஷினில் வைத்ததில் முதலாவது 311, இரண்டாவது 329 காட்டியது. அடிமுனையிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கும் அச்சைச் சுற்றித்தான் இதை அளக்கிறோம். அந்த அச்சிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தோடு எடையைப் பெருக்குகிறோம். அதனால்தான் தலையில் ஏறிய 9 கிராம் 18 புள்ளிகளாகத் தெரிகிறது. கையில் பிடித்து நிற்கும்போது தெரியாத வித்தியாசம், வீசும்போது முழுதாகத் தெரியும்.

311, 329 இரண்டுமே நல்ல ராக்கெட்தான், அவரவர் ஆட்டத்துக்கு. பேஸ்லைனில் (மைதானத்தின் பின்கோட்டில்) நின்று நீளமாக வீசி, பந்தை முன்னோக்கிச் சுழலவிட்டு டாப்ஸ்பின் அடிப்பவருக்குத் தலையில் கனம் இருந்தால் நல்லது. வேகமாக வரும் பந்து ராக்கெட்டைப் பின்னால் தள்ளாது, அடி ஆழமாக விழும், பந்து நடுவை விட்டுச் சற்று உச்சிப் பக்கம் பட்டாலும் சமாளிக்கலாம். அவருக்கு வீசத் தொடங்க நேரமும் கிடைக்கிறது. நெட்டுக்கு வந்து ஆடுபவருக்கு அந்த நேரம் கிடையாது. ஃபோர்ஹேண்ட் பக்கம் காத்திருக்கும் ராக்கெட்டைச் சட்டென்று நிறுத்தி, பேக்ஹேண்ட் பக்கம் திருப்பி, உடம்புக்கு நேரே வரும் பந்தைத் தடுக்க வேண்டும். தலை கனத்தால் முகப்பு (பந்தைத் தொடும் ஸ்ட்ரிங் பரப்பு) அங்கே தாமதமாகத்தான் வந்து சேரும். ஒற்றைக் கை பேக்ஹேண்ட் ஆடுபவரின் மணிக்கட்டும் முழங்கையும் இந்தச் சுமையை இன்னும் கூடுதலாக உணரும். 260 கிராம் அளவில் தலை கனமாக வரும் ராக்கெட்டுகள் வேறு வகை. அவை குட்டையாக, மெதுவாக வீசுபவருக்கு வேகம் கூட்டித் தரச் செய்தவை.

இதற்காக மொத்த எடையே குறைய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க டென்னிஸ் வீரர் பீட் சாம்ப்ராஸ், எடை கூட்ட ஈய டேப் ஒட்டிய மிகக் கனமான ராக்கெட்டோடுதான் சர்வ் அண்ட் வாலி (சர்வ் போட்டதும் நெட்டுக்கு ஓடி வந்து அடிக்கும் ஆட்டம்) ஆடினார். எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 320 என்ற எண்ணை நம்பி வாங்குபவர், நெட்டுக்கு வந்து ஆட ஏதுவான ஹெட் லைட் (தலை லேசான) ராக்கெட் என்று எண்ணித்தான் வாங்குகிறார். ஸ்ட்ரிங் போட்டபின் தங்கள் இரண்டாவது ராக்கெட் 336-க்கு வந்துவிட்டது. 685 மி.மீ. நீள ராக்கெட்டில் 343 என்பது நடுப்புள்ளி. ஹெட் லைட் என்று சொல்ல அதில் 2 பாயின்ட்தான் மிச்சம்.

இரண்டையும் மாற்றி மாற்றி ஆடும்போதுதான் உண்மையான கெடுதல். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாறினால் சர்வில் ராக்கெட் பின்தங்கி, முகப்பு மூடாமலே பந்தைத் தொடுகிறது. பந்து நீளமாகப் போகிறது. கிராஸ்கோர்ட் (மூலைக்கு மூலை அடிக்கும்) ஃபோர்ஹேண்ட் தாமதமாகிப் பக்கக் கோட்டை நோக்கி ஓடுகிறது. எதிர்த்திசையில் மாறினால் முகப்பு முன்கூட்டியே வந்துவிடுகிறது, பந்து குறுக்கே அதிகம் இழுபட்டுக் குட்டையாக விழுகிறது. அடியை எந்த ராக்கெட்டுக்குப் பழக்குவது?

"ஈய டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்" என்ற தங்கள் ஆலோசனை இங்கே உதவாது. இரண்டாவது ராக்கெட்டைத் திரும்ப 320-க்குக் கொண்டுவர, கிரிப்புக்கு அடியில், அடிமுனையிலிருந்து 5 செ.மீ. அளவில், சுமார் 7 கிராம் ஒட்ட வேண்டும். பேலன்ஸ் எண் சரியாகிவிடும். ஆனால் எடை 312 ஆகும், ஸ்விங்வெயிட் 329-லேயே நிற்கும், ஏனென்றால் அந்த இடம் அச்சுக்கு அருகில் இருக்கிறது. தலையில் ஏறிய கனத்தைக் கைப்பிடியில் ஒட்டி இறக்க முடியாது. முதலாவதின் தலையில் ஒட்டி இரண்டாவதோடு சமன் செய்தால், இருக்கும் ஒரு நல்ல ராக்கெட்டையும் கெடுத்ததாகிவிடும்.

ஸ்ட்ரிங் போட்ட ராக்கெட்டைத் திரும்ப எடுப்பதில்லை என்ற விதியையும் சுட்டியிருக்கிறீர்கள். எடையும் பேலன்ஸும் ஸ்ட்ரிங் போடும் முன்பே அளந்து படமெடுத்தவை. ஸ்ட்ரிங் போடாமல் அடித்துப் பார்க்கவும் வழியில்லை. ஆகவே அந்த விதி இந்தக் குறைக்குப் பொருந்தாது.

இரண்டாவது ராக்கெட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு, முதலாவதோடு எடையில் 2 கிராம், பேலன்ஸில் 2 மி.மீ., ஸ்விங்வெயிட்டில் 3 புள்ளிகளுக்குமேல் வேறுபடாத ஒன்றைக் கிடங்கில் அளந்து எடுத்து அனுப்ப வேண்டும். அது கிடைக்காவிட்டால் இரண்டையும் எடுத்துக்கொண்டு, பொருத்திப் பார்த்த ஒரு ஜோடியைத் தர வேண்டும். அனுப்பும் முன் இரண்டின் அளவுகளையும் எழுத்தில் தெரிவியுங்கள். இதுவும் முடியாதென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும்.

இனி வாங்குபவர்களுக்காக இன்னொன்றும் கேட்கிறேன். ஃப்ரேமில் அச்சிடும் 300, 320 என்ற எண்களோடு, அவை ஸ்ட்ரிங் இல்லாத அளவுகள் என்பதையும், எவ்வளவு கூடலாம் குறையலாம் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். ஒவ்வொரு ராக்கெட்டையும் அனுப்பும் முன் அளந்து, அதன் உண்மையான எடையையும் பேலன்ஸையும் கைப்பிடி அடியில் ஒரு சிறு ஸ்டிக்கரில் ஒட்டினால், கடைக்காரரே ஜோடி பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுவார்.

எந்த ராக்கெட்டை எப்போது எடுத்துக்கொள்வீர்கள் என்பதைத் தேதியோடு எழுதுங்கள். அதுவரை இரண்டையும் ஆடாமல், ஸ்ட்ரிங்கை அறுக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

இணைப்பு: அளவுப் படங்கள், ஸ்விங்வெயிட் பதிவு, ரசீது நகல்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்