பெல்லட் மூட்டையில் உள்ளே இருப்பதை அச்சிடச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கேஸ் விலை ஏறும்போதெல்லாம் எங்கள் செல்லூர்ப் பக்கம் டீக்கடை, மெஸ், பரோட்டாக் கடை வைத்திருப்பவர்களுக்குள் ஒரே பேச்சுதான். விறகுக்கே திரும்பிவிடலாமா, இல்லை பெல்லட் அடுப்பு வாங்கலாமா? நானும் என் மதினியும் சேர்ந்து மெஸ் நடத்துகிறோம். இட்லிக் கொப்பரை விறகில், சோற்று அண்டா பெல்லட்டில், அவசரத்துக்குக் கேஸ். மூன்றையும் தினமும் புழங்குகிறவள் என்பதால், அடுப்பு விற்க வருகிறவர்கள் சொல்லாமல் விடுகிற சில விஷயங்களை உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

பெல்லட் என்றால் தெரியாதவர்களுக்கு: மரத்தூள், கடலைத் தோல், பருத்திமார் போன்றவற்றைக் காயவைத்து, அரைத்து, எந்திரத்தில் அழுத்தி எடுக்கும் குட்டிக் குச்சிகள். கனம் 6 முதல் 8 மில்லிமீட்டர். பசை எதுவும் சேர்க்கத் தேவையில்லை. அழுத்தும்போது வரும் சூட்டில் மரத்துக்குள் இருக்கும் லிக்னின் என்ற இயற்கைப் பசை இளகி, ஆறும்போது இறுகிப் பிடித்துக்கொள்ளும். அடுப்பில் ஒரு சின்ன விசிறி இருக்கும். அது கீழே கொஞ்சம் காற்றும், மேலே வாய்ப்பக்கத் துளைகள் வழியாக மீதிக் காற்றும் கொடுக்கும். கீழே கிளம்பும் புகை மேலே வந்து தானே எரிந்துபோகிறது. எங்கள் அடுப்படியில் வேலை செய்யும் அக்கா, சோறு பெல்லட்டுக்கு மாறிய பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கஞ்சி வடிப்பதை விட்டுவிட்டார். இந்த ஒன்றுக்காகவே அந்த அடுப்பை நான் மதிக்கிறேன்.

சரி, செலவுக்கு வருவோம். ஒரு கிலோ கேஸில் 11,000 கிலோ கலோரிக்கு மேல் வெப்பம் உண்டு. நல்ல பெல்லட்டில் சுமார் 4,000, காய்ந்த விறகில் சுமார் 3,500. விற்க வருகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு, 'மூணு கிலோ பெல்லட் ஒரு கிலோ கேஸுக்குச் சமம்' என்பார்கள். நமக்கு வேண்டியது பாத்திரத்துக்குள் எவ்வளவு சூடு போய்ச் சேருகிறது என்ற கணக்கு. கேஸ் அடுப்பில் 100க்கு 60 போய்ச் சேரும். விசிறி வைத்த பெல்லட் அடுப்பில் 30 முதல் 40. மூன்று பக்கம் கல் வைத்த திறந்த விறகடுப்பில் 10, மிஞ்சினால் 15. மற்றதெல்லாம் சுவருக்கும் சமைப்பவருக்கும்தான். பெருக்கிப் பாருங்கள். 19 கிலோ சிலிண்டர் ஒன்று செய்கிற வேலைக்குப் பெல்லட் ஏறக்குறைய 90 கிலோ ஆகும். திறந்த அடுப்பில் விறகு சுமார் 300 கிலோ தின்னும்.

இதைப் பார்த்து விறகு வேண்டாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அடியில் காற்று போகக் கம்பித் தட்டு, பாத்திரத்தின் அடிக்கு அளவான வாய், கூரைக்கு மேலே போகும் புகைபோக்கி, இந்த மூன்றும் வைத்துக் கட்டிய விறகடுப்பு 20 முதல் 25 வரை கொடுக்கும். அப்போது 300 கிலோ 150, 160 ஆகிவிடுகிறது. ஆகவே என் கணக்கு இதுதான்: உங்கள் ஊரில் ஒரு கிலோ பெல்லட்டின் விலை, காய்ந்த விறகின் விலையைப் போல ஒன்றே முக்கால் மடங்குக்குள் இருந்தால் பெல்லட் லாபம். அதைத் தாண்டினால் ஒழுங்காகக் கட்டிய விறகடுப்புதான் லாபம். எங்கள் வட்டாரத்தில் சீமைக் கருவை வெட்ட வெட்ட முளைக்கிறது. கண்மாய்களில் இருந்து அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவே போட்டது. நின்று எரியும் நல்ல விறகு அது.

ஆனால் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீர் ஒரு கிலோ ஆவியாக 600 கிலோ கலோரிக்கு மேல் போய்விடும். அதற்கு மேல்தான் சோறு வேகும். ஐப்பசி, கார்த்திகையில் விறகுக்கடையில் எடைபோட்டு வாங்குவது பாதி தண்ணீர்தான். இரண்டு கட்டையை மோதிப் பாருங்கள். காய்ந்தது 'டங்'கென்று சத்தம் கொடுக்கும், வெட்டுவாயில் வெடிப்பு தெரியும், பட்டை தானாகக் கழன்றுவரும். ஈரக்கட்டை 'தொப்'பென்று விழும். நாங்கள் பங்குனி, சித்திரையில் வாங்கிக் கொட்டகையில் அடுக்கிவிடுவோம்.

விறகைத் தட்டிப் பார்த்து வாங்கலாம். பெல்லட்டில்தான் கண் தெரியாமல் வாங்குகிறோம். ஒரே வியாபாரி, ஒரே பெயர் போட்ட சாக்கு. ஆடியில் வந்த சரக்கு பளபளவென்று இருந்தது, ஒடித்தால் 'டப்'பென்று ஒடிந்தது. கார்த்திகையில் வந்தது சாக்கைத் தூக்கும்போதே அடியில் தூளாகக் கொட்டியது. ஒரு அண்டா சோறு வேகும் முன்பே சாம்பல் தட்டு நிரம்பி, காற்று அடைத்து, அடுப்பு புகைய ஆரம்பித்துவிட்டது. தட்டை இழுத்துப் பார்த்தால், எரிந்து முடிந்த பிறகும் ஒவ்வொரு குச்சியும் அதே வடிவில் சாம்பல் நிறத்தில் முழுசாகக் கிடந்தது. தொட்ட பிறகுதான் உடைந்தது. நெல் உமி கலந்த சரக்கு அப்படித்தான் இருக்கும். சுத்தமான மரத்தூளில் 1 சதவீதம் அளவுக்குத்தான் சாம்பல் மிஞ்சும். உமியிலோ 15 முதல் 20 சதவீதம். வியாபாரியைக் கேட்டால் 'எல்லாம் ஒண்ணுதான்க்கா' என்கிறார். விலை மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு குச்சியைப் போட்டுப் பாருங்கள். நன்றாக அழுத்திய பெல்லட் உடனே அடியில் போய் உட்காரும். மிதந்தால் அழுத்தம் போதவில்லை. பிளைவுட் கழிவு சேர்ந்திருந்தால் எரியும்போது பசை நாற்றம் மூக்கில் ஏறும். அந்தச் சாக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், சாப்பாட்டுக் கடைக்கு ஆகாது. கடையில் இவ்வளவுதான் செய்ய முடியும். ஈரம் எத்தனை சதவீதம், வெப்பம் எவ்வளவு என்று டம்ளர் சொல்லாது.

என் மகள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறாள். அங்கே குளிருக்கு வீட்டைச் சூடாக்கவே அடுப்பு வேண்டும். அவர்கள் வீட்டுக்கும் விறகு அடுப்பா, பெல்லட் அடுப்பா என்று பேச்சு வந்தபோது, நெருப்போடு பழகினவள் என்று என்னைக் கேட்டாள். அங்கே பெல்லட் அடுப்பு தானே பற்றிக்கொள்ளும். தொட்டியில் கொட்டிவிட்டால் திருகுத்தண்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளும். அறைச் சூட்டைப் பார்த்துத் தானே கூட்டிக் குறைக்கும். விறகடுப்புக்கு ஆள் பக்கத்தில் இருந்து கட்டை போட வேண்டும், ஆனால் கரண்ட் இல்லாமலும் எரியும். எந்த அடுப்பானாலும் புகைபோக்கி பார்க்கிறவர் வந்து சரி என்று சொன்னால்தான் பற்றவைக்கலாமாம். வேலைக்குப் போகிற வீடு என்பதால் பெல்லட்டே எடுத்துக்கொள் என்றேன். என்னைத் தைரியமாகச் சொல்ல வைத்தது அவள் அனுப்பிய சாக்குப் படம்தான். 15 கிலோ பை. மேலே தர முத்திரை, ஏ1 என்ற வகை. அந்த வகை என்றால் ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, சாம்பல் 0.7 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இங்கே என் மெஸ்ஸில் கிடக்கும் சாக்கில் ஒரு பெயரும் ஒரு பூப்படமும்தான் இருக்கிறது.

அடுப்பு நன்றாக இருந்தும் எரிபொருளால் கெட்டுப்போன கதை நம் நாட்டில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2000களின் பிற்பாதியில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பத்தில் ஊர்ஜா என்ற வீட்டுப் பெல்லட் அடுப்பு வந்து லட்சக்கணக்கில் விற்றது. பெல்லட் விலை ஏற ஏற வீடுகள் அதைக் கைவிட்டன. விறகடுப்பில் தென்னமட்டையும் போடலாம், சுள்ளியும் போடலாம். பெல்லட் அடுப்பில் பெல்லட்டைத் தவிர வேறொன்றும் போட முடியாது. இப்போது பெரிய ஆட்கள் வேறு வாங்க வந்துவிட்டார்கள். அனல் மின் நிலையங்கள் நிலக்கரியோடு 5 சதவீதம் பெல்லட் கலக்க வேண்டும் என்று 2021 அக்டோபரில் மத்திய அரசு கொள்கை வகுத்தது. வயல் கழிவை வயலிலேயே கொளுத்தாமல் இருக்க அது நல்ல காரியம்தான். ஆனால் லாரி லாரியாக வாங்குகிறவர் சோதனை செய்து வாங்குவார். கழித்த சரக்கு வாரம் ரெண்டு சாக்கு வாங்கும் எங்களிடம் வந்து சேரக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஆகவே கடைக்காரர்களுக்கு நான் சொல்வது: பெல்லட் அடுப்பு வாங்குங்கள், விறகடுப்பை இடித்துவிடாதீர்கள். விசிறிக்கு ஒரு 12 வோல்ட் பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள்; பாதி வேக்காட்டில் கரண்ட் போனால் அடுப்படி முழுக்கப் புகை நிரம்பிவிடும். சாக்கைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். நனைந்த பெல்லட் மறுபடி தூள்தான், காயவைத்தாலும் திரும்பாது.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது: உர மூட்டையில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எத்தனை சதவீதம் என்று அச்சிடாமல் விற்க விடுவதில்லையே. அதே மாதிரி பெல்லட் சாக்கிலும் எதில் செய்தது, ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, கிலோவுக்கு வெப்பம் எவ்வளவு என்ற நான்கு வரியை அச்சிடச் சொல்லுங்கள். ஒத்தக்கடையில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது, திருப்பரங்குன்றம் பக்கம் பொறியியல் கல்லூரி இருக்கிறது. இரண்டில் ஓரிடத்திலாவது சிறு கட்டணத்துக்கு எங்களைப் போன்றவர்கள் ஒரு கிலோ மாதிரியைக் கொடுத்துச் சோதித்து வாங்க வழி செய்யுங்கள். முதல் மாதிரிக்கு, ஆடிச் சரக்கும் கார்த்திகைச் சரக்கும் தனித்தனி டப்பாவில் பெயர் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மெஸ் நடத்தும் ஒரு வாசகி,
செல்லூர், மதுரை.