யாருக்காக வந்தீர்கள்?

அன்புள்ள பாஸ்கர்,

கடிதம் கிடைத்தது. மகள் பிளஸ் டூ தேறியதில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். அவளிடம் சொல்.

அக்டோபரில் ஆபீஸ் வேலையாக டோக்கியோ போகிறாய், ஒரு மாலை, சின்ன அரங்குகளில் பாடி ஆடும் இளம்பெண் குழுக்களின் சிக்கா ஐடல் நிகழ்ச்சி பார்க்க ஆசை, ஆனால் இந்த வயதில் அங்கே போய் நிற்பது சரியா என்று உறுத்துகிறது என்று எழுதியிருந்தாய். போய்ப் பார். உறுத்தலும் இருக்கட்டும். அது துளியும் இல்லாத ஆட்களால்தான் அங்கே பாதித் தொல்லை. நீ கொடுக்கும் ஒவ்வொரு யென்னும் எதை வாங்குகிறது என்று மட்டும் தெரிந்துகொண்டு போ.

'சிக்கா' என்றால் நிலத்தடி. பெயருக்கேற்ப ஷின்ஜுக்கு, ஷிபுயா, அகிஹபரா பக்கம் பல அரங்குகள் கட்டடத்தின் அடித்தளத்தில்தான் இருக்கும். ஒரே மாலையில் ஐந்தாறு குழுக்கள், ஆளுக்கு இருபது இருபத்தைந்து நிமிடம். இதைத் தைபான் என்பார்கள். டிக்கெட் 2,000 முதல் 3,000 யென். பானத்துக்கென்று 600 யென் தனியாக. வாசலில் டிக்கெட்டைக் கிழிப்பவர் ஒரு கேள்வி கேட்பார்: யாருக்காக வந்தீர்கள்? உபசாரத்துக்குக் கேட்கிறார் என்று நினைத்து "சும்மா பார்க்கத்தான்" என்று சொல்லிவிடாதே. பல நிகழ்ச்சிகளில் எந்தக் குழுவின் பெயரைச் சொல்கிறாயோ, அந்தக் குழுவின் கணக்கில்தான் உன் தலை எண்ணப்படும். டிக்கெட் பணத்தில் அதற்கான பங்கும் அவர்களுக்கே போகும். பெயர் சொல்லாவிட்டால் பணம் அமைப்பாளரோடு நின்றுவிடும். முன்பே குழுவின் பக்கத்தில் பெயர் கொடுத்து டிக்கெட் எடுத்துவைக்கச் சொன்னாலும் அவர்கள் கணக்குதான். அந்த மாலையில் நீ செய்யக்கூடியதிலேயே மிகச் சுத்தமான உதவி இதுதான் என்பேன். பாடுகிறார்கள், ஆடுகிறார்கள், அதற்குக் கூலி.

சிக்கல் பாட்டு முடிந்த பிறகு ஆரம்பிக்கிறது. மேடைக்கு எதிரே மேசைகள் போட்டு செக்கி விற்பார்கள். எடுத்த உடனே படம் வெளிவரும் ஃபுஜிஃபில்மின் இன்ஸ்டாக்ஸ் கேமராவுக்கு ஜப்பானில் அந்தப் பெயர், அதில் ஐடலோடு சேர்ந்து எடுக்கும் படத்துக்கும். ஒரு படத்துக்கான சீட்டு 1,000 முதல் 2,000 யென். ஃபிலிம் பெட்டிக்குப் பத்துப் படம். படம் ஒன்றுக்கு ஃபிலிம் செலவு சுமார் 100 யென்தான். மிச்சமெல்லாம் எதற்கு? வரிசையின் கடைசி ஆள் 'வரிசை முடிவு' என்ற பலகையைப் பிடித்திருப்பான். அதை வாங்கிக்கொண்டு பின்னால் நில். உன் முறை வந்ததும் சீட்டைக் கொடு, பக்கத்தில் நில், ஒரு கிளிக். கேமராவிலிருந்து வெள்ளையாக ஒரு அட்டை வரும். ஆட்டாதே, ஆட்டுவதால் படம் சீக்கிரம் தெளிந்துவிடாது. உருவம் மெல்ல ஏறும்போதே அந்தப் பெண் மார்க்கரால் உன் பெயரும் தேதியும் எழுதி இதயம் வரைவாள். எழுதி முடிக்கும்வரை நீ பேசலாம். அருகில் ஒரு ஊழியர் டைமரோடு நிற்பார். நேரம் முடிந்ததும் தோளைத் தொட்டு நகர்த்துவார். பெரிய குழுக்களின் கைகுலுக்கல் நிகழ்ச்சிகளில் இந்த ஆளுக்கு 'ஹகாஷி' என்று பெயர், பிய்த்தெடுப்பவர் என்று அர்த்தம். நீ வாங்கியது அந்த ஒரு நிமிடத்தைத்தான். படம் அதற்கு ரசீது மாதிரி.

பல சிறிய குழுக்களில் மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது, இருந்தாலும் சொற்பம். விற்ற செக்கியில் ஒரு பங்குதான் வருமானம். ஒப்பந்தமும் பெரும்பாலும் வேலை ஒப்பந்தமாக இல்லாமல் தனிநபரிடம் பணியை ஒப்படைக்கும் ஒப்பந்தமாகவே இருக்கும். அதனால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் சுலபத்தில் எட்டுவதில்லை. யார் தொழிலாளி இல்லை என்பதற்கு 1988-லேயே அங்கத்தியத் தொழிலாளர் அமைச்சகம் அளவுகோல் சொல்லியிருக்கிறது: வேறொருவரை வைத்து நிரப்ப முடியாத கலை அல்லது புகழ், நேரக்கணக்கில் வராத ஊதியம், நேரக் கட்டுப்பாடு இன்மை, வேலை ஒப்பந்தம் இன்மை. நட்சத்திரத்துக்கு அது பொருந்தும். வாரத்துக்கு நான்கு மாலை, சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் நிற்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு எப்படிப் பொருந்தும்? 2024 நவம்பரில் ஃப்ரீலான்ஸ் சட்டம் அமலுக்கு வந்தது. பணி நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்ற அளவுக்காவது அது பிடிமானம்.

அங்கே நின்று பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் குத்தும். உறுப்பினர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். ஒருத்திக்கு முன்னால் இருபது பேர், அடுத்தவளுக்கு யாருமில்லை. அவளும் சிரித்துக்கொண்டேதான் நிற்க வேண்டும். பாவமாக இருக்கிறதே என்று நீயே அவளுக்கு மூன்று சீட்டு வாங்குவாய். அடுத்த முறை உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். இப்படி அடையாளம் தெரிந்துகொள்வதற்கு ரசிகர்கள் வைத்திருக்கும் சொல் 'நிஞ்சி'. அதற்காகவே மாதச் சம்பளத்தைக் கொட்டுகிறவர்கள் உண்டு. அது முற்றி நிஜக் காதல் என்று நம்புகிற நிலைக்கு 'கச்சிக்கோய்' என்று பெயர். இரக்கத்தில் தொடங்கி அங்கே போய் நிற்பதற்கு ரொம்ப தூரமில்லை. அதனால் எத்தனை சீட்டு என்று ஓட்டல் அறையிலேயே முடிவு செய். என்னைக் கேட்டால் ஒன்று.

ஐடல்கள் யாரையும் காதலிக்கக்கூடாது என்று கம்பெனிகள் போடும் தடை பற்றிக் கேட்டிருந்தாய். கம்பெனிகள் கொடுமைக்காரர்கள் என்று எழுதியிருக்கிறாய், வாஸ்தவம்தான். ஆனால் அந்த விதி நிற்பது ரசிகர்களான நம்மால். 2013 ஜனவரியில், பெரிய பெண்கள் குழுவான ஏகேபி48-இன் மினாமி மினேகிஷி ஆண் ஒருவர் வீட்டிலிருந்து வெளியே வந்ததை ஒரு வார இதழ் போட்டது. அவர் தலையை மழித்துக்கொண்டு அழுதபடி மன்னிப்புக் கேட்ட காணொளி குழுவின் அதிகாரபூர்வ சேனலிலேயே வந்தது. பயிற்சி நிலைக்கும் இறக்கினார்கள். யாரிடம் மன்னிப்பு? சிடி வாங்குகிறவர்களிடம். நீதிமன்றமும் ஒரே நிலையில் இல்லை: 2015 செப்டம்பரில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், விதியை மீறிய ஒரு 17 வயதுப் பெண் சுமார் 6,50,000 யென் இழப்பீடு தர வேண்டும் என்றது, 2016 ஜனவரியில் அதே நீதிமன்றத்தில் வேறொரு நீதிபதி, காதலிப்பது மகிழ்ச்சியைத் தேடும் உரிமையைச் சேர்ந்தது என்று சொல்லி இன்னொரு கம்பெனியின் வழக்கைத் தள்ளினார். அதனால் என் சோதனை இது: உனக்குப் பிடித்தவளுக்கு ஆள் இருக்கிறது என்று நாளைக்குச் செய்தி வந்தால், அடுத்த பாட்டை வாங்குவாயா? மாட்டேன் என்றால் நீ இதுவரை வாங்கியது பாட்டு இல்லை.

அடுத்து, எது செய்யக்கூடாது. இதில் விளையாட்டு வேண்டாம்.

எந்த ரயில் நிலையம், எந்தக் கல்லூரி, ஊர் எது, நாளைக்கு எங்கே என்று எதுவும் கேட்காதே. 2019-இல் பிடிபட்ட ஒருவன் எதை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தான் தெரியுமா? அந்தப் பெண் போட்ட செல்ஃபியில், அவள் கண்மணியில் பிரதிபலித்த ரயில் நிலையம். கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் தேடிப் பொருத்தினான். பிறகு வீட்டுக்குள் எடுத்த படங்களில் திரைச்சீலையும் வெளிச்சம் வரும் பக்கமும் பார்த்து எந்த அறை என்று கணக்குப் போட்டான். அரங்கை விட்டு அவர்கள் கிளம்பியிருப்பார்கள் என்று தெரிந்த பிறகு, மறுநாள்தான் நீ எடுக்கும் படத்தை இணையத்தில் போடு. கட்டடத்துக்கு வெளியே நின்று காத்திருக்காதே. நல்ல எண்ணத்தில் நிற்பவன் யார், கெட்ட எண்ணத்தில் நிற்பவன் யார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

பரிசும் வேண்டாம். 2016 மே மாதம் டோக்கியோவின் கொகனேயில், பாடகியாக இருந்த ஒரு மாணவியை ரசிகன் ஒருவன் கத்தியால் குத்தினான். அவன் அனுப்பிய கைக்கடிகாரத்தை அவர் திருப்பி அனுப்பியிருந்தார். முன்கூட்டியே போலீசிடமும் போயிருந்தார். சமூக ஊடகத் தொல்லை அப்போது, பின்தொடர்ந்து தொல்லை தருவதைத் தடுக்கும் ஸ்டாக்கர் தடுப்புச் சட்டத்தில் சேரவில்லை. அந்த ஆண்டு இறுதியில்தான் சேர்த்தார்கள். 2014 மே 25 அன்று இவாத்தே மாநிலத்தின் தகிசவாவில் ஏகேபி48-இன் கைகுலுக்கல் வரிசையில் ரம்பத்தோடு ஒருவன் வந்து இரண்டு உறுப்பினர்களையும் ஒரு ஊழியரையும் வெட்டினான். பெரிய நிகழ்ச்சிகளில் பையைத் திறந்து காட்டச் சொல்வதும் மெட்டல் டிடெக்டரும் அதற்குப் பிறகுதான் வழக்கமாயின. உன் பையைத் துழாவினால் முகம் சுளிக்காதே.

ஏகேபி48-இன் சகோதரக் குழுவான என்ஜிடி48-இன் மாஹோ யமகுச்சி விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2018 டிசம்பரில் வீட்டு வாசலில் இரண்டு ஆண்கள் தாக்கினார்கள். நிர்வாகம் வாயைத் திறக்கவில்லை என்று ஜனவரியில் அவரே வெளியே சொன்னார். இரண்டே நாளில் மேடையேறி தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டதும் அவர்தான். மே மாதம் குழுவை விட்டு வெளியேறினார்.

சிடியைப் பெட்டி பெட்டியாக வாங்கி அனுப்பச் சொல்லும் உன் நண்பருக்கு ஒரு வார்த்தை. ரசிகர்கள் ஓட்டுப் போட்டு உறுப்பினர்களை வரிசைப்படுத்தும் ஏகேபி48 தேர்தல் காலத்தில் ஒரு சிடிக்கு ஒரு ஓட்டு. 2017-இல் முதலிடம் பிடித்த ரினோ சஷிஹராவுக்கு விழுந்தது 2,46,376. அதே ஆண்டு ஃபுகுஓக்கா மலைப்பகுதியில் 585 சிடிகளைக் கொட்டிய ஒருவர் மேல் வழக்கு வந்தது. யாரும் கேட்காத வட்டுகள் அவை. பாட்டு வேண்டுமென்றால் ஒரு பிரதி போதும்.

ஆண் குழுக்கள் பக்கம் நிலைமை தேவலை என்று எழுதியிருந்தாய். ஆண் ஐடல் குழுக்களை நடத்திய ஜானீஸ் கம்பெனியின் நிறுவனர் சிறுவர்களிடம் பாலியல் ரீதியாக அத்துமீறி நடந்துகொண்டது பற்றி வார இதழ் எழுதியது 1999-இல். முக்கியப் பகுதி உண்மை என்று டோக்கியோ உயர் நீதிமன்றம் ஏற்றது 2003-இல். கம்பெனி ஒப்புக்கொண்டதோ 2023 செப்டம்பரில், அவர் செத்து நான்கு ஆண்டு கழித்து. இடையில் இருபது வருஷம் ரசிகர் மன்றச் சந்தா போய்க்கொண்டே இருந்தது, தொலைக்காட்சியும் பேசவில்லை. தேவலை என்று எப்படிச் சொல்ல?

கடைசியாக வயது. பதினெட்டுக்குக் கீழே இருப்பவர்களை இரவு 10 மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்பது சட்டம். மேடையில் அவர்கள் பாடினால் கைதட்டு. செக்கி வரிசையில் அவர்கள் பக்கம் நிற்காதே, சட்டம் தடுக்காவிட்டாலும். குழுவின் பக்கத்தில் பிறந்த தேதி இருக்கும், போகும் முன் பார்த்துக்கொள். வயதைப் போடாத குழு என்றால் வேறு குழுவின் பெயரை வாசலில் சொல்.

ஆயிரம் யென் நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொள். மேசையில் பத்தாயிரத்தை நீட்டினால் சில்லறைக்குத் திண்டாடுவார்கள், உன் பின்னால் வரிசை முனகும். போய்வந்து எழுது.

அன்புடன்,
ரமணி